மின்பொறி போர்த்தும் தோல்

ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த அறிஞர்களுக்கும், கிண்டி, அம்பத்தூர் பட்டறைகளில் ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு இந்த அடையாறு அரங்குக்கு வந்திருக்கும் தொழில் நண்பர்களுக்கும் நன்றி.

1943ஆம் ஆண்டு மாஸ்கோவில் போரிஸ் லாசரென்கோவும் அவர் மனைவி நதாலியாவும் மின்தொடர்பு முனைகளைப் பொறி அரிப்பதைத் தடுக்க வழி தேடினார்கள். தடுக்க முடியவில்லை, அந்த அரிப்பையே வேலை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். நம் டூல் ரூம்களில் ஓடும் ஸ்பார்க் மெஷின் அதன் வாரிசு. ஒரு முனை இழக்கும் உலோகம் எதிர்முனையில் போய் ஒட்டும் என்பது அதே ஆராய்ச்சியின் மறுபக்கம். இன்று நாம் பேசவிருப்பது அதைத்தான்.

டங்ஸ்டன் கார்பைடு கம்பியை நேர்மின்முனையாக வைத்து, அதிரவோ சுழலவோ விட்டு, இரும்பைத் தொடுகிறோம். கெப்பாசிட்டரில் சேர்ந்திருந்த மின்சாரம் மைக்ரோ நொடிகளில் பாய்ந்து முடிகிறது. கம்பி நுனியின் துளி இரும்பின் மேல்தோலோடு உருகிக் கலந்து, உடனே உறைந்துவிடுகிறது. அடியில் உள்ள உலோகத்துக்குச் சூடு ஏற நேரமே இல்லை. அதனால்தான் ஹார்டனிங் முடிந்த டைகூடக் கோணாமல் இருக்கிறது. வெல்டிங்கில் இந்தச் சலுகை கிடைக்காது.

என் இளமையில், கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை. தியாகராய நகர்க் கடைகளில் அடுக்கியிருக்கும் டபராவுக்கு எவர்சில்வர் தகடு வெட்டும் பஞ்ச் அங்கே அடிக்கடி மழுங்கும். அதன் விளிம்பில் கார்பைடு ஏற்றும் வேலை எனக்கு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், அன்றுதான் கொத்திய அம்மிபோல் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. ஒருமுறை ஓட்டியதே இவ்வளவு என்றால், மூன்று மடங்கு நேரம் ஓட்டினால் மூன்று மடங்கு தடிக்கும் என்று நம்பினேன். தடிக்கவில்லை, ஓரத்திலிருந்து செதில் செதிலாகக் கழன்றது. மூத்த மேஸ்திரி ஒருவர் நகத்தால் அதை உதிர்த்துக் காட்டி, “சத்தம் மாறினப்பவே நிறுத்தியிருக்கணும் தம்பி” என்றார். பொறியின் சடசடப்பு மந்தமானதை நானும் கேட்டுத்தான் இருந்தேன். அதற்கு ஒரு பொருள் உண்டென்று தெரியவில்லை.

பூச்சு கழன்றதன் காரணம் பிறகு விளங்கியது. உறையும் துளி சுருங்கப் பார்க்கிறது, அடி உலோகம் விடுவதில்லை. அந்த இழுவிசை அடுக்கடுக்காகச் சேர்ந்து விரிசலாகிறது. சில பத்து மைக்ரான் தடிமனோடு பெரும்பாலும் திருப்தி அடைய வேண்டியிருப்பது இதனால்தான்.

கடினத்தன்மை மட்டுமே எல்லாம் என்று எண்ணுகிறவர்கள் கல்பாக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில், திரவ சோடியத்தில் மூழ்கி ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்குக் கோபால்ட் கலந்த ஸ்டெல்லைட் பூச்சைத் தவிர்த்து, நிக்கல் சார்ந்த கால்மனாயைத் தேர்ந்தார்கள். நியூட்ரான் பட்ட கோபால்ட், கோபால்ட்-60 ஆகும். அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். அது உமிழும் கதிர்வீச்சு பராமரிக்கப் போகிறவர் மேல் விழும். நம் டங்ஸ்டன் கார்பைடு கம்பியிலும் பொதுவாகப் பிணைப்பாக இருப்பது கோபால்ட்தான். பஞ்ச்சுக்கு உகந்த கம்பி உலைக்கு உதவாது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் வேக உலைப் பாகங்களுக்கு இதே மின்பொறி முறையில் குரோமியம் கார்பைடைப் படிய வைத்தார்கள்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கடினத்தன்மையைக் காட்டும் விக்கர்ஸ் எண்ணை எல்லோரும் எழுதுகிறீர்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனையாவது ஓட்டத்தில் விரிசல் கண்டது என்பதைப் பலர் எழுதுவதில்லை. பின்வரிசையில் இருக்கும் பட்டறைக்காரர் கூலி சொல்வதும் வேலையை ஒப்புக்கொள்வதும் அந்த இரண்டு எண்களை வைத்துத்தான். மேடையில் அவற்றைச் சொல்லாதவர்களிடம் இந்த இருக்கையிலிருந்து நானே கேட்பேன். முதல் அமர்வைத் தொடங்கலாம்.