கல் சுடாத பொழுதில் வருக
(தமிழ் மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழங்கோயில்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இளங்குழந்தைகளை அழைத்துச் செல்வது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். முப்பது ஆண்டுகட்கு மேல் பள்ளியில் தமிழ் பயிற்றுவித்தவன் என்பதால் எனக்கு இத்தகுதி உண்டென்று அவர்கள் கருதியிருக்கலாம். உண்மையில், இதில் பெரும்பிழை செய்தவன் என்பதே என் தகுதி. அப்பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் ஒரு கோடை விடுமுறையில், ஏழு அகவை நிரம்பிய என் மகனைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். உள்ளே நுழையும்போது காலை மணி பத்து. கல்தளம் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நானோ புலவன், கால் சுட்டது எனக்குத் தெரியவில்லை, வாயிலிருந்து வரும் சொல்லும் தீரவில்லை. கேரளாந்தகன் வாயிலில் தொடங்கி, இராசராசன் வாயிலைக் கடந்து, சுற்று மாளிகை முழுவதும் அவனை இழுத்துச் சென்றேன். ஒரு கல்வெட்டைக் காட்டி விளக்கிக் கொண்டிருந்தபோது, அவன் புல்தரையில் ஓடிய அணிலைப் பார்த்துக் கொண்டிருந்தான். "ஆயிரமாண்டுப் பெருமை கண்முன் நிற்கிறது, நீ அணிலையா பார்க்கிறாய்?" என்று கன்னத்தில் அறைந்தேன்.

அன்பர்களே! அவன் அழவில்லை. ஆனால், அதன்பின் எந்தப் பழங்கோயிலுக்கும் என்னோடு வரவில்லை. வளர்ந்து, பணியில் அமர்ந்து, வெளிமாநிலத்தில் குடியேறிய பின் ஒருநாள் சொன்னான்: "அப்பா, தஞ்சை என்றால் எனக்குக் கால் சுட்டதுதான் நினைவுக்கு வருகிறது." பகைவர் எவரும் அவனைத் தமிழர் வரலாற்றிலிருந்து பிரிக்கவில்லை. தமிழாசிரியனாகிய நானே பிரித்தேன்.

இரண்டாவது பிழையும் ஒன்றுண்டு. அக்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். பள்ளிச் சுற்றுலாவாக அங்கே சென்ற ஒரு மாலையில், நான் அதையே சொல்லிக் கொண்டிருக்க, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, நாம் எல்லாரும் அதன் நிழலில்தானே உட்கார்ந்திருக்கிறோம்?" என்றாள். அண்ணாந்து பார்த்தேன், குனிந்து பார்த்தேன். அவள் சொன்னதே மெய். காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் அந்நிழல் நன்றாகவே விழுகிறது. வேனிற்கால உச்சிப் பொழுதில் கதிரவன் தலைக்கு நேரே நிற்பதால், நிழல் குறுகி அகன்ற அடித்தளத்துக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து கிளைத்த கதையாக அது இருக்கலாம். அன்று நான் வெட்கினேன். ஆயினும் அச்சிறுமியைப் பாராட்டினேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

தோழர்களே! இராசராசனுக்குப் பொய்ப்பெருமை எதற்கு? 13 நிலைகளாய், 200 அடிக்கு மேல் எழுந்த கருங்கல் விமானம் 1010ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அதை எழுப்பிய பெருந்தச்சனின் பெயர் குஞ்சரமல்லன் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. தான் கொடுத்தவற்றோடு தன் அக்கை குந்தவையும் தன் மனைவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு மன்னன் ஆணையிட்டான். கோயிற்பணிக்குப் பல ஊர்களிலிருந்து அழைத்து வரப்பட்ட 400 ஆடற்பெண்டிரின் பெயரும், அவர்கள் வந்த ஊரும், ஒவ்வொருவருக்கும் அளித்த வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கல்லில் உள்ளன. இந்த உண்மையை விட வியப்பான கதை ஏது? 1987இல் உலக மரபுச் சின்னமாக இக்கோயில் ஏற்கப்பட்டது மெய்ப்பெருமையால்; நிழற்கதையால் அன்று.

சென்ற தைத் திங்களில் என் மகனும் மருமகளும் ஆறு அகவைப் பேத்தியும் வந்திருந்தனர். பேத்தி ஆங்கில வழிப் பள்ளியில் பயில்கிறாள்; தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்ல விரும்பினேன். மகன் சற்றே தயங்கி, "ஒரு மணி நேரம்தான் அப்பா" என்றான். ஒப்புக்கொண்டேன்.

இம்முறை கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் சென்றோம். கல் குளிர்ந்திருந்தது. குழந்தை முன்னரே உண்டிருந்தாள். கையில் நீர்க்குடுவை இருந்தது. நான் உரையாற்றவில்லை. "விமானத்தில் எத்தனை நிலை, எண்ணு" என்றேன். மூன்று முறை எண்ணி மூன்று விடை சொன்னாள். நான்காம் முறை சரியாகச் சொன்னாள். பின் அடித்தளத்துக் கல்வெட்டின் அருகே அமர்த்தி, "உனக்குத் தெரிந்த எழுத்து ஏதேனும் இருக்கிறதா, தேடு" என்றேன். நெடுநேரம் பார்த்தவள், "ட! தாத்தா, ட!" என்று கூவினாள். அடுத்து 'ப' கிடைத்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் உளி வெட்டிய எழுத்தும் அவள் ஏட்டில் எழுதும் எழுத்தும் ஒன்றாய் இருந்ததை அவளே கண்டாள். நான் நூறு சொற்பொழிவில் ஊட்ட முடியாத தமிழ்ப்பற்றை அந்த ஒரு 'ட' ஊட்டிற்று.

அங்குள்ள பெரிய விடையைக் கண்டு மகிழ்ந்தாள். அது இராசராசன் காலத்ததன்று, நாயக்கர் காலத்தது என்பதை மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் முடிந்ததும் வெளியேறினோம்.

ஓய்வுக்குப் பின் அரண்மனைக் கலைக்கூடம் சென்றோம். அங்கே ஒரே ஒரு திருமேனியின் முன் நின்றோம். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனி அது, 1011ஆம் ஆண்டினது. பெரிய கோயில் நிறைவெய்திய மறு ஆண்டில் உருவானது. இறைவன் விடைமேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கும் கோலம். ஆனால் விடை இன்று இல்லை. கை மட்டும் வெறுவெளியில் தங்கியிருக்கிறது. குழந்தை தானும் அவ்வாறே கையை வைத்து நின்று பார்த்தாள். "இவர் எதன் மேலே கை வைத்திருக்கிறார்?" என்றாள். "விடையின் மேல். அது காணாமற் போயிற்று" என்றேன். சற்று எண்ணி, "காலையில் பார்த்தோமே, அதுவா ஓடிப்போன மாடு?" என்றாள். காவலரும் சிரித்துவிட்டார்.

பின்னர் அவள், "இங்கே ஏன் இவருக்குப் பூ வைக்கவில்லை?" என்று கேட்டாள். இக்கேள்விக்கு முன் நாம் எல்லாரும் நின்று எண்ண வேண்டும். கோயிலில் வழிபடும் திருமேனி, காட்சியகத்தில் பார்க்கும் பொருளாகிறது. "இவரை யாரோ காப்பாற்ற நினைத்து மண்ணில் புதைத்தார்கள், மறந்து போனார்கள், பின்னொரு நாள் கண்டெடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னேன். அவள் மெல்லக் கையசைத்து விடைபெற்றாள். அதைத் திருத்த நான் முனையவில்லை.

வீடு திரும்பியதும் மெழுகுத்திரித் துண்டொன்றைக் கொடுத்து உருவம் பிடிக்கச் சொன்னேன். மெழுகில் உருச்செய்து, மண் பூசி, உலர்த்திச் சுட, மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய மாழையை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுப்பர். எனவே ஓர் உருவைப் போல் மற்றொன்று முற்றிலும் அமையாது என்று விளக்கினேன். இன்றும் சுவாமிமலைக் கைவினைஞர் செய்து வரும் தொழில் இது. அவள் செய்தது ஒரு மாடு. காணாமற் போன மாடாம்!

பெற்றோர்களே! ஆசிரியர்களே! நான் கற்றவற்றைத் தொகுத்துரைக்கிறேன். வெயில் ஏறுமுன் செல்லுங்கள். வயிறு நிறைந்தபின் செல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டா. நூறு பொருளைக் காட்டாதீர்கள், இரண்டைக் காட்டுங்கள். "தொடாதே" என்று அதட்டாமல், கைவியர்வையின் உப்பு செம்பை அரிக்கும் என்று காரணம் கூறுங்கள். சுவரில் பெயர் கீறுவோரைக் குழந்தை கண்டால், அக்கீறல் ஒரு முன்னோனின் எழுத்தை அழிக்கிறது என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பெருமைக்காகவும் பொய் கூறாதீர்கள். குழந்தை ஒருநாள் நிழலைக் கண்டுவிடும். காட்சியகத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பொருளின் அடியிலும், குழந்தையின் கண்மட்டத்தில், எளிய தமிழில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இறுதியாக ஒன்று. அன்று காலை கோயிலை விட்டு வெளியேறும்போது, புல்தரையில் ஓர் அணில் ஓடியது. என் மகன் நின்றான். குனிந்து தன் மகளுக்கு அதைக் காட்டினான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் அவர்களோடு நின்று, அது மறையும்வரை பார்த்துக் கொண்டிருந்தேன். "அடுத்த முறை கங்கைகொண்ட சோழபுரம் போகலாமா, அப்பா?" என்று கேட்டான்.

இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து கேட்ட சொல் அது. உங்கள் இல்லத்தில் அவ்வளவு காலம் ஆகாதிருக்கட்டும்.