குடியேறினோம், குடியமர்ந்தோமா?



குடியேறுதல் என்று ஒரு சொல் இருக்கிறது. குடியமர்தல் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இவை வேறு வேறு. ஓர் ஊரை விட்டு வேறோர் ஊருக்கு வந்து சேர்வது குடியேறுதல். அது ஒரு வாரத்தில் நடந்துவிடும். வந்த இடத்தில் யாரும் அசைக்க முடியாதபடி நிலைத்து வாழ்வது குடியமர்தல். அதற்கு ஒரு தலைமுறை ஆகலாம், மூன்று தலைமுறைகூட ஆகலாம். இந்த நாட்டுக்குத் தோட்டத் தொழிலாளர்களாக வந்த நம் குடும்பங்கள் குடியமர்ந்த கதையையும், அதில் இன்னும் மீதியிருக்கும் வேலையையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

தொடக்க காலத்தில் மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். சில ஆண்டுகள் உழைத்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் ஆள் திரட்டியது கங்காணி முறை. கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து வந்தார். கொண்டு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பங்களாகக் கப்பல் ஏறும் வழக்கம் இந்தக் காலத்தில்தான் பெருகியது.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறினால் பினாங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருப்போம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் அவர்கள். பினாங்கில் இறங்கியவர்களை நேரே தோட்டத்துக்கு அனுப்பிவிடவில்லை. ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் வைத்துப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். அதன் பிறகு ரயில், லாரி, மாட்டு வண்டி, கால்நடை என்று போய்ச் சேர்ந்த இடம் ரப்பர்க் காடு.

அங்கே கிடைத்தது லயத்தில் ஓர் அறை. பக்கத்து அறையில் வேறு குடும்பம். நடுவில் பலகைச் சுவர். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். கணவன் ஒரு நிரையிலும் மனைவி ஒரு நிரையிலும் பால் வெட்ட வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். பெண்களும் ஆண்களைப் போலவே வெட்டினார்கள், வாளி சுமந்தார்கள். ஆனாலும் 1920-களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலியிலும் சீட்டுக் கட்டி ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள் இருந்தார்கள்.

ஒரு பெண் வந்து அடுப்பு மூட்டிய பிறகே லயத்து அறை வீடாயிற்று. வாசலில் முருங்கைக் கிளை நட்டார்கள். பின்னால் கீரைப் பாத்தி போட்டார்கள். ஒரு மரத்தடியில் கல் நட்டு மாரியம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். அதுவே பின்னாளில் கோயிலாயிற்று, ஆண்டுக்கு ஒரு திருவிழாவும் வந்தது. பிள்ளைகள் பெருகவே பள்ளிக்கூடம் வந்தது. 7 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. கொட்டகையிலும் ஆயாக் கொட்டகைத் திண்ணையிலும் தொடங்கிய அந்தப் பள்ளிகளின் வழிவந்தவைதாம் இன்று இந்நாட்டில் நாம் காணும் தமிழ்ப்பள்ளிகளில் பல.

நேயர்களே, வீடு வந்தது, கோயில் வந்தது, பள்ளியும் வந்தது. அப்படியானால் நாம் குடியமர்ந்துவிட்டோம் என்று சொல்லலாமா? அங்கேதான் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வீடு யாருடைய வீடு? பள்ளிக்கூடம் யாருடைய நிலத்தில் நின்றது? எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரையில் வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்த உண்மை நம்மை மூன்று முறை கடுமையாகச் சோதித்தது.

முதல் சோதனை 1930-களின் தொடக்கத்தில் வந்தது. உலகமெங்கும் வாணிபம் சரிந்து, ரப்பர் விலை விழுந்தது. கூலி குறைக்கப்பட்டது. வேலை இல்லாத பல்லாயிரக்கணக்கான நம்மவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பல ஆண்டு உழைத்தவர்கள், இங்கே பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அன்றைய அரசாங்கத்தின் கண்ணுக்கு நாம் வேலையாட்கள், அவ்வளவுதான். தேவையென்றால் வரவழைக்கலாம், தேவையில்லையென்றால் அனுப்பிவிடலாம். அன்று நமக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

பின்பு 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளைத் திரட்டி அனுப்புவதற்குத் தடை விதித்தது. ஊரிலிருந்து புதிய ஆட்கள் வருவது நின்றது. இங்கே பிறந்தவர்களின் தொகை வளர்ந்தது. ஜப்பானியர் காலத்தில், 1942, 1943 ஆண்டுகளில், சயாம் ரயில் பாதை போட நம் ஆண்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பி வராதவர்கள் மிகப் பலர். மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றி, கலைந்துபோக இருந்த குடும்பங்களைப் பிடித்து நிறுத்தியவர்கள் நம் தாய்மார்கள். அவர்கள் பெயர் ஏட்டில் இல்லை. ஆனால் நாம் இன்று இங்கே இருப்பதே அவர்களால்தான்.

இரண்டாவது சோதனை சுதந்திரத்துக்குப் பின் வந்தது. 1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா விடுதலை பெற்றது. அதற்கு முன் இந்நாட்டில் பிறந்து வாழ்ந்து வந்தவர்கள் விண்ணப்பித்துக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள அரசியல் சட்டம் வழி செய்தது. அவர்களுக்கு மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அந்த மொழி நிபந்தனையும் கிடையாது. கதவு அகலத் திறந்திருந்த நேரம் அது. தொழிற்சங்கத்தாரும் பொதுநலத் தொண்டர்களும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார்கள். பலர் பதிந்துகொண்டார்கள். ஆனால், "நமக்கு எதற்கு இதெல்லாம்? நாளைக்கு ஊருக்குத்தானே போகப் போகிறோம்" என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. பட்டணத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தள்ளிப் போட்டவர்களும் உண்டு.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய 1969 முதல் அனுமதிப் பத்திரம் வேண்டியதாயிற்று. பத்திரம் கிடைக்காதவர்கள் பெட்டி கட்டினார்கள். பல ஆயிரம் பேர் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். அப்பாவுக்குச் சிவப்பு அடையாளக் கார்டு, பிள்ளைக்கு நீல அடையாளக் கார்டு என்று ஒரே வீட்டில் இரண்டு நிறம். தகப்பன் கப்பலில், மகன் கரையில் என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு. அடுத்தடுத்த லயத்தில் இருந்து, ஒரே நிரையில் பால் வெட்டிய இருவரில் ஒருவர் நின்றார், ஒருவர் போனார். இருவர் உழைப்பிலும் வேற்றுமை இல்லை. இருந்த வேற்றுமை ஒரு காகிதம்.

மூன்றாவது சோதனையை நம்மில் பலர் நேரிலேயே பார்த்திருக்கிறோம். 1950-களின் பிற்பகுதியிலிருந்து பெரிய தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. தோட்டத் துண்டாடல் என்று அதைச் சொன்னோம். வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தவர்கள் பலர். அந்த வேளையில்தான், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைப் பங்காகப் போட்டார்கள். அந்தப் பணம் சேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. பால் வெட்டும் கை தோட்டத்துக்குப் பங்குதாரர் கையாகவும் ஆக முடியும் என்று காட்டிய முயற்சி அது.

அதன் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. பட்டணங்களும் வளர்ந்து தோட்டங்களைத் தொட்டன. இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். 1995-இல் கட்டத் தொடங்கிய புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில். இப்படி எத்தனையோ தோட்டங்கள். அங்கிருந்த குடும்பங்கள் இரண்டாம் முறையாகக் குடியேறின. இந்தப் பயணத்தில் கடல் இல்லை, கப்பல் இல்லை. ஆனாலும் புது இடம்தான், புது வாழ்வுதான். லயத்தில் பழகியவர்கள் அடுக்குமாடி வீட்டின் ஐந்தாம் மாடியில் குடியேறினார்கள். கோயிலும் பள்ளியும் ஆயாவும் டிரெசரும் இல்லாத இடத்தில், வாடகை, மின்சாரம், பஸ் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் காசு எண்ணிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாத வாழ்க்கை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் அத்தை, பெரியம்மா இல்லை. இந்த மாற்றத்தில் தடுமாறிப்போன வீடுகள் பல. நிமிர்ந்து நின்ற வீடுகளும் பல.

நிமிர்ந்து நின்ற வீடுகளைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது விளங்கும்.

முதலாவது, பத்திரங்கள். பிள்ளை பிறந்தால் பெயர் வைக்க நாள் பார்க்கிறோம். அதற்கு முன் பிறப்பைப் பதிவு செய்ய நாள் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். பிள்ளைக்கு 12 வயது ஆனதும் மைகார்டு எடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒன்று உண்டு. அது திருமணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் ஊரறியத் தாலி கட்டினாலும், பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது திருமணம் ஆகாது. அப்படிப் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. தாய்க்கும் பத்திரம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கும் சேராததாகிப் போகிறது. பாட்டி பிறந்ததும் இங்கே, அம்மா பிறந்ததும் இங்கே, பிள்ளை பிறந்ததும் இங்கே. இருந்தும் பள்ளியில் சேர்க்க, பரீட்சை எழுத, வங்கிக் கணக்குத் திறக்க, வேலைக்குப் போகத் திண்டாட்டம். இந்தக் குறையைத் தீர்க்க 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கமே நடத்த வேண்டி வந்தது. அதன் பிறகும் பத்திரமில்லாத நம்மவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லி, உடன் சென்று தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பிக்கச் செய்யுங்கள். பழைய பள்ளிச் சான்றிதழ், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, பெற்றோரின் அடையாளக் கார்டு, பிறந்ததை அறிந்த பெரியவர்களின் சாட்சி ஆகிய எல்லாம் உதவும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, வீடு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. வேலையோடு வரும் வீடு வேலையோடு போய்விடும். வேலை செய்யும் காலத்திலேயே சொந்த வீட்டுக்கு வழி தேட வேண்டும். ஊழியர் சேமநிதி 1951 முதல் இந்நாட்டில் உண்டு. அதில் ஒரு பகுதியை வீடு வாங்க எடுக்கலாம். முதலாளி சேமநிதியும் சொக்சோவும் சரியாகக் கட்டுகிறாரா என்று கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்குப் பின் அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் பெயர் எழுதிப் பதிந்துவிட வேண்டும். இதைச் செய்யாததால் கணவனை இழந்த பெண்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே.

மூன்றாவது, மொழி. வீட்டில் தமிழ் இருக்கட்டும், கடையில், இலாகாவில், பள்ளியில் மலாய் நாவில் வரட்டும். ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று, பெட்டி 'பெத்தி' ஆயிற்று. நமக்கு முன்பே நம் சொற்கள் இங்கே வந்து குடியமர்ந்துவிட்டன. மனு எழுதவும் படிவம் நிரப்பவும் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்தை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பாராமல் இடைநிலைப்பள்ளி முடியும் வரையாவது படிக்க வையுங்கள்.

நான்காவது, கூட்டம். தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லா லயமும் அங்கே கூடியது. தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போன பின்பு அது தானாக வராது. நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றின் கூட்டத்துக்குப் போய் உட்காருவதும் குடியமர்தலில் ஒரு பகுதி.

நேயர்களே, நம் முன்னோர் கையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார்கள். அதில் இரண்டு துணி இருந்திருக்கும், ஊர் மண் கொஞ்சம் இருந்திருக்கும். நம் வீட்டுப் பெட்டியில் இன்று என்ன இருக்கிறது என்று இந்த வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் ஆகிய ஐந்தையும் தேடுங்கள். இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். இல்லாததை நாளை என்று தள்ளாமல் கேட்டு வாங்குங்கள். அவர்கள் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். குடியமர்வதை நாம்தான் முடித்துவைக்க வேண்டும்.