நம் குழந்தைகளோடு பேசுவது யார்?

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘இது பொம்பளைங்க விஷயம்’ என்று பீடி பற்றவைக்க எழுந்திருக்கும் தோழர்கள் தயவு செய்து உட்காருங்கள். இதுவும் கூலிப் பிரச்னைதான்.

நம் வீட்டுப் பொழுதை எண்ணிப் பாருங்கள். தாய் விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு நாற்று நடவோ, மல்லாட்டை பிடுங்கவோ, செங்கல் சூளைக்கோ ஓடுகிறாள். தகப்பன் பெங்களூரில் கட்டட வேலை; தீபத்துக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். மில்லுக்குப் போகிறவள் எட்டு மணி நேரம் ரிங் பிரேம் இரைச்சலில் நின்றுவிட்டுக் காது அடைத்துப் போய்த் திரும்புகிறாள். குழந்தை ஏதோ கேட்கிறது. “சும்மா இருடா” என்று ஒரு அதட்டல். இல்லையேல் கையில் செல்போன். அந்தத் தாய் மீது குற்றமில்லை. அவளுடைய கையை வாங்கிய முதலாளி, பிள்ளையோடு பேசவேண்டிய அவளுடைய நாவையும் சேர்த்தே வாங்கிக்கொண்டான். அதற்குக் கூலி மட்டும் கொடுக்கவில்லை!

பல் முளைப்பது போலப் பேச்சும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. சோவியத் மனோதத்துவ அறிஞர் லெவ் வைகோட்ஸ்கி 1934-இல், 37 வயதிலேயே, காசநோய்க்குப் பலியானார். அவர் ஆராய்ந்து சொன்னது இது: குழந்தை முதலில் மற்றவர்களோடு பேசுகிறது, அந்தப் பேச்சுதான் பிறகு உள்ளே போய் அதன் சிந்தனையாகிறது. ஆகவே காதில் சொல் விழுந்தால் மட்டும் போதாது. குழந்தை கேட்பதற்கு மனிதர் பதில் சொல்ல வேண்டும். செல்போன் நாள் முழுக்கப் பேசும். ஆனால் குழந்தை “அதோ கொக்கு” என்றால் அது திரும்பிப் பார்க்குமா?

வயலுக்குப் போகும் தாயால் முடியாததை ஊர் சேர்ந்து செய்யவேண்டும். அதற்குத்தான் பால்வாடி, இன்றைய அங்கன்வாடி. ‘ஆங்கன்’ என்றால் முற்றம். 1945-இல் தாணா மாவட்டம் போர்டியில் தாராபாய் மோடக் குழந்தைப் பள்ளி தொடங்கினார்; அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே அவர்கள் பள்ளியையே அந்தக் குழந்தைகளின் முற்றத்துக்குக் கொண்டு போனார்கள். அதே ஆண்டு, அதே மாவட்டத்தில், வார்லி ஆதிவாசிகள் கிசான் சபையின் கொடியின் கீழ் வெட்டி வேலைக்கு எதிராக எழுந்தார்கள். ஷாம்ராவ் பருலேகரும் கோதாவரி பருலேகரும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். முற்றத்துப் பள்ளியும் வெட்டி ஒழிப்பும் ஒரே மண்ணில் முளைத்தவை என்பதை நம் தோழர்களே பலர் அறியார்.

இன்னொரு செய்தி இத்தாலியிலிருந்து. 1945-இல் பாசிஸ்டுகள் வீழ்ந்ததும், ரெஜியோ எமிலியா நகரத்தை அடுத்த வில்லா செல்லா கிராமத்து ஜனங்கள் ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்றார்கள். அந்தப் பணத்தில் முதலில் என்ன கட்டினார்கள்? குழந்தைகள் பள்ளி! ஆற்று மணலும் குண்டில் இடிந்த வீடுகளின் செங்கல்லும் சுமந்து, தங்கள் கைகளாலேயே கட்டினார்கள். குழந்தையைப் பேசவிட்டுக் கேட்பதே அங்கே பாடமுறையாக வளர்ந்தது.

நம் நாட்டில் சர்க்கார் 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் இத்திட்டத்தைத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 54 ஆயிரம் மையங்கள். 1982 ஜூலையில் வந்த சத்துணவு குழந்தைகளின் வயிற்றை ஓரளவு நிரப்பியது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பேச்சு? ஆட்டமும் பாட்டும் கதையுமாகப் பாடத்திட்டம் காகிதத்தில் இருக்கிறது. நடத்துவதற்கு டீச்சருக்கு நேரம் எங்கே? எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளின் கணக்கு எழுத வேண்டும், செல்போனில் போஷன் டிராக்கர் ஏற்ற வேண்டும், வாக்காளர் பட்டியலுக்கும் அவரையே அலையவிடுகிறார்கள். ஆயா பணியிடம் காலியென்றால் அடுப்பும் அவர் தலையில்தான். 2025-இல் தமிழக அரசு ஒரே ஆணையில் நிரப்ப முன்வந்த காலியிடங்கள் 7,783. அத்தனை இடங்கள் காலியாகக் கிடந்தபோது குழந்தைகளோடு யார் பேசியிருப்பார்கள்?

அவர்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ‘மதிப்பூதியம்’. 2018-இல் மத்திய அரசு டீச்சருக்கு 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250 என்று நிர்ணயித்தது. அதற்கு மேல் மாநிலம் போடுவது வேறு. அவர்களைத் தொழிலாளராக ஏற்க வேண்டும் என்று 2013-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரைத்தது. பணிக்கொடை உண்டென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் போராட்டம் நடத்தும்போது “மையத்தைப் பூட்டிவிட்டார்களே” என்று நம்மவர்களே முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். தோழர்களே, அந்த டீச்சரின் வயிறு காய்ந்தால் உங்கள் பிள்ளையின் கதையும் காய்ந்துவிடும்!

இனி மிக முக்கியமான ஒன்று. பிள்ளை பேசவில்லை என்றால் நாவில் வசம்பு தேய்க்கிறோம். “இவன் அப்பனும் நாலு வயசிலதான் பேசினான்” என்று கிழவி சொல்வாள், விட்டுவிடுகிறோம். காது கேட்காத குழந்தைக்கு வசம்பு என்ன செய்யும்? நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் வழக்கத்தால் பிறவிச் செவிட்டுத்தன்மை இங்கே அதிகம். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பவில்லையா, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லையா, இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லையா, காதில் சீழ் வடிகிறதா, காத்திருக்காதீர்கள். 2013-இல் வந்த குழந்தைகள் நலத் திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரவேண்டும். பிறகு மாவட்டத் தலைமையிடத்திலுள்ள இடையீட்டு மையத்துக்கு அனுப்பவேண்டும். ஆறு வயதுக்குள் இருந்தால் காதுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இடமுண்டு. வயது கடந்தால் அந்த வாசல் அடைபடுகிறது. ஜவ்வாது மலையிலிருந்து இங்கே வந்து போகிறவளுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். கருவி பொருத்தியதும் பேச்சு வந்துவிடாது. பயிற்சிக்கு மாதக்கணக்கில் வரவேண்டும். அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று நாம் கேட்கவேண்டும்.

கடன் வாங்கி இங்கிலீஷ் கான்வென்ட்டுக்கு வேன் ஏற்றி விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று வயதில் புரியாத ரைம்ஸ் ஒப்பிப்பது பேச்சு ஆகாது. வீட்டில் தமிழோ, தெலுங்கோ, உருதுவோ, மலைப் பேச்சோ, அதில் வாய் நிறையப் பேசிய பிள்ளை பின்னால் எந்தப் பாஷையையும் பிடித்துக்கொள்ளும்.

ஆலைகளிலோ? 1948 தொழிற்சாலைச் சட்டம் 50-க்கு மேல் பெண்கள் இருந்தால் குழந்தைக் காப்பகம் என்றது. 1976-இல் அது 30 ஆயிற்று. 30-ஐத் தாண்டாமல் பெண்களை வேலைக்கு வைக்கும் தந்திரத்தை நீங்கள் அறிவீர்கள். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டம் ஆண் பெண் பேதமின்றி 50 பேர் என்கிறது. தொழிலாளர் உரிமைகளை வெட்டிய அந்தச் சட்டத்தில் இந்த ஒரு வரியையாவது தகப்பன்மார் பிடித்துக்கொள்ளலாம்: காப்பகம் கேட்பது இனி உங்கள் உரிமையும்கூட. நூறு நாள் வேலைச் சட்டத்திலும், ஐந்து குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை ஏரிக்கரையில் கண்டோம்? நாமும் கேட்கவில்லை.

அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு கிளையும் நான்கு கோரிக்கைகளோடு போகவேண்டும்: ஆயா இல்லாத மையங்களுக்கு உடனே ஆள், டீச்சருக்கு வெளிவேலை நிறுத்தம், மருத்துவக் குழு வந்த தேதிகளை மையத்தின் சுவரில் எழுதுவது, வயல் வேலைக் காலத்தில் மாலை ஆறு மணி வரை மையம் திறந்திருப்பது. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.