எல்லைக் கோடு எங்கே விழுகிறது?

(மெனிங் சந்தையிலும் சுற்றுவட்டாரக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகத் தொழிலாளர்களுக்காகப் பேலியகொடையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிடைத்த ஒரு லீவு நாளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சம்பளப் பிரச்சினை இருக்கிறது, காணிப் பிரச்சினை இருக்கிறது, இதற்கிடையில் எல்லை மீள்நிர்ணயம் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நாம் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டாஞ்சேனை. அது கொழும்பு மாவட்டம், கொழும்பு மாநகர சபை. இந்தப் பக்கம் கம்பஹா மாவட்டம், பேலியகொடை நகர சபை. எம்மில் பலர் அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு இந்தப் பக்கம் மூட்டை தூக்குகிறோம். பெயர் இருப்பதோ மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ ஒரு லயத்தில். பாலத்தைத் தாண்டினால் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினர் மாறிவிடுகிறார். இங்கே கோட்டை ஆறு போட்டிருக்கிறது. மலையில் அதை மனிதர்கள் போடுகிறார்கள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் 4,000 வாக்காளர்கள். ஒரு வட்டாரத்துக்கும் 4,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் முழுவதையும் ஒரே வட்டாரமாக்கினால் அங்கிருந்து எமது ஆள் ஒருவர் சபைக்குப் போவார். அதே தோட்டத்தின் மேற்பிரிவை ஒரு வட்டாரத்திலும், கீழ்ப்பிரிவை இன்னொன்றிலும், பாக்டரிப் பக்கத்தை மூன்றாவதிலும் சேர்த்துவிட்டால்? மூன்றிலும் நாம் மூன்றில் ஒரு பங்கு. மூன்றிலும் தோற்போம். ஒருவருடைய வாக்கையும் யாரும் பறிக்கவில்லை, பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவுமில்லை. விகிதாசாரப் பட்டியலில் ஏதோ கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் யார் பெயரைப் போடுவது என்பதைக் கட்சிதான் தீர்மானிக்கும்.

கோடு போடுகிறவர்கள் பெரும்பாலும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை வைத்தே வட்டாரங்களைக் கட்டுகிறார்கள். பிழையின் வேர் அங்கேதான். நுவரெலியா மாவட்டத்தில் இருந்த பிரிவுகள் 491. தோட்டங்கள் நிறைந்த பழைய அம்பகமுவ பிரதேசத்தில் 2012 கணக்கெடுப்பின்போது 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள், பிரிவுகளோ வெறும் 67. ஹங்குராங்கெத்தையில் 90,000 பேர்கூட இல்லை, பிரிவுகள் 131. இங்கே 3,000 பேருக்கு ஒரு கிராம உத்தியோகத்தர், அங்கே 700 பேருக்கு ஒருவர். அங்கே கிராமங்கள் என்று கணக்கு. எமது லயங்களைக் கிராமம் என்று எவரும் நினைக்கவில்லை, கம்பனியின் தோட்டம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு கையெழுத்துக்காக அரை நாள் சம்பளத்தை இழந்து எமது தாய்மார் வரிசையில் நிற்பதும் இதே கணக்கினால்தான்.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியா, பதுளை, அளுத்நுவர என்று எமது ஆட்கள் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் சார்பில் ஒருவரும் இல்லை. எமது தாத்தா பாட்டிமார் அறிந்த கதை இது.

அவர்களில் பலருக்கே தெரியாத ஒரு பகுதியும் உண்டு. அன்றைய அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று மாகாணங்களுக்குப் பங்கிட்டார்கள். 1959 எல்லை நிர்ணய ஆணைக்குழு நாடு முழுவதையும் 145 தொகுதிகளாகப் பிரித்தபோது, தலை எண்ணும் இடத்தில் வாக்குரிமை இல்லாத எமது மக்களையும் சேர்த்தே எண்ணினார்கள். எம்மைக் கணக்கில் காட்டி மலைநாட்டில் ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்க எமக்கு உரிமையில்லை. கொழுந்து எடுத்தவள் நாம், பேர் விழுந்தது வேறொருவர் செக்ரோலில். தோட்டத்தில் அப்படி நடந்தால் அன்றைக்கே வேலைநிறுத்தம் நடந்திருக்கும்.

1976இல் மூன்றாவது ஆணைக்குழு 160 தொகுதிகளை வகுத்தது. அதில் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியாக்கப்பட்டது. பல இனத்தவர் கலந்து வாழும் இடத்தில் அப்படிச் செய்தால் சிறிய சமூகத்துக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்பதே காரணம். 1977இல் காமினி திசாநாயக்க முதலாவதாகவும் அநுர பண்டாரநாயக்க இரண்டாவதாகவும் வர, தொண்டமான் மூன்றாவதாகத் தெரிவானார். முப்பது வருடங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து தேர்தலில் வென்று ஒருவர் போனார் என்றால், அதற்குத் தொழிலாளரின் வாக்கோடு அந்தத் தொகுதியின் அமைப்பும் காரணம். எந்தக் கட்சியில் இருந்தாலும் இந்த உதாரணத்தை மறக்கக்கூடாது. இன்றைய உள்ளூராட்சிச் சட்டத்திலும் பல அங்கத்தவர் வட்டாரங்களுக்கு இடமுண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்டதற்குப் பலன் கிடைத்த சந்தர்ப்பமும் உண்டு. நெடுந்தீவில் ஐயாயிரத்துக்கும் குறைவான மக்களுக்கு ஒரு பிரதேச சபை. அது தேவைதான், அந்தத் தீவு மக்களோடு எமக்குப் போட்டியில்லை. ஆனால் நுவரெலியாவிலும் அம்பகமுவையிலும் இரண்டு இலட்சம் பேருக்கு ஒவ்வொரு சபைதான் இருந்தது. பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று ஒன்று மூன்றானது. அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மற்றதும் மூன்றானது. 2018 பெப்ரவரி 10ஆம் திகதி அந்தப் புதிய சபைகளுக்கு வாக்களித்தோம். பிரதேச சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்த 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவும் அதே வருடம் திருத்தப்பட்டது. சபை இருந்தும் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல்லும் போட முடியாமல் முப்பது வருடம் கழிந்ததை என்னவென்று சொல்வது!

இனி மாகாண சபைக்கு வருவோம். எமது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் இருப்பவை. 2017 செப்டெம்பரில் நிறைவேறிய சட்டம் மாகாண சபைக்கும் பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்றது. தொகுதி பிரிக்க முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் ஐவர் குழு அமைந்தது. 222 தொகுதிகளை முன்மொழிந்து 2018 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்தார்கள். சிதறி வாழும் எமக்கும் முஸ்லிம் மக்களுக்கும் ஆசனம் குறையும் என்ற எதிர்ப்பு கிளம்பியது. ஒகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அரசாங்கமே அதைத் தோற்கடித்தது.

சட்டப்படி அடுத்து சபாநாயகர், பிரதமர் தலைமையில் ஐவர் அடங்கிய மீளாய்வுக் குழுவை அமைத்தார். இரண்டு மாதத்தில் திருத்தித் தர வேண்டும். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை, தோழர்களே! பழைய முறையில் நடத்தலாமா என்று ஜனாதிபதி உயர்நீதிமன்றத்திடம் கேட்டார். முடியாது என்று 2019 செப்டெம்பரில் பதில் வந்தது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான். ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் யாரிடம் போய் முறையிடுவது?

எமக்கு ஆபத்தான எல்லைகள் நிறைவேறவில்லை என்று நாம் ஆறுதல்பட முடியாது. தேர்தலே இல்லாமல் போவதும் எமக்கு நட்டம்தான். பழைய விகிதாசார முறையிலாவது உடனே நடத்துங்கள், அதற்குப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. மாவட்டத்தை ஒரே அலகாக எடுக்கும்போது எமது வாக்கு வீணாவதில்லை. 2020 பொதுத் தேர்தலில் நுவரெலியாவின் 8 ஆசனங்களில் 5 தமிழருக்குக் கிடைத்தன. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைத் தோட்டங்களில் சிதறி இருப்பவர்களுக்கு அந்த முறையும் போதாது. அவர்களை மறந்துவிட்டு நுவரெலியாவை மட்டும் பார்க்கும் பழக்கம் எமது தொழிற்சங்கங்களிடமும் உண்டு.

வட்டாரப் பிரிப்பும் இத்தோடு முடிந்துவிடவில்லை. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூராட்சி உறுப்பினர்களை ஐயாயிரத்துக்கும் கீழே குறைக்க 2022இல் மகிந்த தேசப்பிரிய தலைமையில் குழு அமைத்து அறிக்கையும் பெற்றார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் பழைய வட்டாரங்களில்தான் நடந்தது. ஆனால் அந்த வேலை எந்த நேரமும் திரும்பக் கையில் எடுக்கப்படலாம். வட்டாரம் பெரிதானால் தோட்டம் கிராமங்களுக்குள் கரைந்துவிடும்.

குழு அமைந்தால் பத்திரிகையில் அறிவித்தல் வரும், யாரும் எழுதிக் கொடுக்கலாம். "எங்களுக்கு நியாயம் வேண்டும்" என்று எழுதினால் கோப்பில் போட்டுவிடுவார்கள். எந்தத் தோட்டம், எத்தனை பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை வாக்காளர், எந்தப் பிரிவை எதோடு சேர்க்க வேண்டும், எந்த ஓடை, எந்தப் பாதை எல்லை என்று எழுத வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிமாரும் அதை இப்போதே தயாரிக்கலாம். படித்த பிள்ளைகள் போனில் வரைபடம் பார்த்து உதவுங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். குடும்பத்தோடு இங்கேயே குடியேறியவர்கள் இங்கே பதியுங்கள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பேலியகொடையிலோ உங்கள் வாக்குக்கும் பெறுமதி உண்டு. வேலைக்கு மட்டும் வந்து, வீடு தோட்டத்தில் இருப்பவர்கள் வருடாந்தப் படிவம் வரும்போது அங்கே பெயர் சேர்ந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டிலும் இல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம். வாடகை வீட்டுக்காரர் பதிய விடமாட்டேன் என்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வாக்களிக்கப் போக லீவு கேட்பது உங்கள் சட்ட உரிமை, முதலாளி செய்யும் தயவல்ல.

வாசலில் இருக்கும் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் பெயர், தோட்டம், பிரிவு, கடைசியாக எங்கே வாக்களித்தீர்கள் என்று எழுதிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.