பறிக்கும் பருவமும் பயிரிடும் உரிமையும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சொந்த நிலம் இல்லாத ஒரு குடும்பம், தன் கையால் பயிரிட்ட காயையும் கனியையும் தன் வீட்டில் உண்பதற்கு வழி உண்டா என்னும் கேள்வி பல நாடுகளில் எழுந்ததுண்டு. இங்கிலாந்து நாட்டினர் அதற்குக் கண்ட விடை ஒன்றைக் குறித்து இன்று பேச முற்படுகிறோம். அங்கு ‘அலாட்மெண்டு’ என்று வழங்கும் பங்கீட்டுத் தோட்டமே அவ்விடையாகும். அத்தோட்டங்களில் பச்சைப் பட்டாணியும் ஸ்ட்ராபெரிப் பழமும் எவ்வாறு பறிக்கப்படுகின்றன என்பதை முதலில் கூறி, அந்த அறுவடைக்குச் சட்டம் எவ்வாறு காவலாய் நிற்கிறது என்பதைப் பின்னர் விளக்குவோம்.

பங்கீட்டுத் தோட்டம் என்பது உள்ளூர் மன்றம் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விடும் நிலம். ஒரு துண்டின் வழக்கமான பரப்பு பத்து ‘போல்’. நம் கணக்கில் அது ஆறேகால் சென்ட் ஆகும். குத்தகைதாரரே பயிரிட வேண்டும். விளைவது பெரும்பாலும் அவர் குடும்பத்தின் உணவுக்கே பயன்பட வேண்டும். 1922ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வரையறுத்து, பரப்பு கால் ஏக்கருக்கு மேற்படலாகாது என்றும் கூறுகிறது.

இத்தோட்டங்கள் தோன்றிய காரணத்தையும் அறிந்துகொள்ளுதல் நலம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில், அந்நாட்டுக் கிராமங்களின் பொது நிலங்கள் பார்லிமெண்டுச் சட்டங்களின் வாயிலாக வேலியடைக்கப்பட்டுத் தனி உடைமைகளாயின. ஏழைகள் மாடு மேய்த்த இடமும் விறகு பொறுக்கிய இடமும் அவர்கள் கையைவிட்டுப் போயின. அவ்விழப்பிற்குச் சிறு ஈடாக, 1845ஆம் ஆண்டுச் சட்டம் நிலமற்ற ஏழைகளுக்குத் தோட்டத் துண்டுகள் ஒதுக்க வழி செய்தது. தோட்ட நிலம் தேடித் தருவதை 1887ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர் அதிகாரிகளின் கடமையாக்கியது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை மேலும் உறுதிப்படுத்தியது.

இனி அறுவடைக்கு வருவோம். பட்டாணி குளிர்ந்த பருவத்துப் பயிர். அதில் உருண்டை விதை, சுருங்கிய விதை என இருவகை உண்டு. உருண்டை விதை குளிரைத் தாங்கும். ஆதலின் அதனை அக்டோபர், நவம்பரில் ஊன்றி அடுத்த கோடையின் தொடக்கத்திலேயே காய் பறிப்பர். சுருங்கிய விதை இனிப்பு மிகுந்தது. அதனை மார்ச்சு முதல் ஜூன் வரை ஊன்றுவர். அவ்விதையில் மாவுப்பொருள் குறைவாகவும் சர்க்கரை மிகுதியாகவும் அமைவதே சுருக்கத்திற்குக் காரணம். பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டல் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பண்புகளில் இதுவும் ஒன்று. கொடிகள் பற்றி ஏறுவதற்கு ஹேஸல் மரச் சுள்ளிகளை ஊன்றி வைப்பர். விதையை எலி தோண்டித் தின்னாமலும், இளந்தளிரைப் புறா கொத்தாமலும் வலையிட்டுக் காப்பர்.

அங்குக் கோடை என்பது ஜூன் முதல் ஆகஸ்டு வரை. பூத்த மூன்று நான்கு வாரங்களில் காய் பறிப்புக்கு வரும். கொடியின் அடியில் உள்ள காய்களே முதலில் முதிரும். ஆதலின் கீழிருந்து மேல்நோக்கிப் பறிக்க வேண்டும். உள்ளே மணி நிறைந்து, தோல் பசுமையும் பளபளப்பும் மாறாதிருக்கும் நிலையே ஏற்ற பதம். தோல் வெளிறி வலைபோல் நரம்பு தோன்றினால் காய் முற்றிவிட்டது என்று அறிக. ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயைக் கிள்ள வேண்டும். ஒரே கையால் இழுத்தால் காயோடு கொடியும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டு செய்திகள் இங்கே முக்கியமானவை. முதலாவது, முற்றிய காய்களைக் கொடியில் விட்டுவைத்தால், விதை உண்டாக்கும் வேலை முடிந்ததெனக் கொடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் பறிப்போர்க்கே மேலும் மேலும் காய் கிடைக்கும். இரண்டாவது, பறித்த நேரம் முதலே மணியிலுள்ள சர்க்கரை மாவுப்பொருளாக மாறத் தொடங்குகிறது. காலையில் பறித்து நண்பகலில் சமைத்த பட்டாணியின் இனிமை, வெப்பத்தில் இரண்டு நாள் கிடந்த பட்டாணிக்கு இராது. பறிப்பு முடிந்தபின் கொடியைத் தரையோடு அறுத்து எருக்குழியில் இட்டு, வேரை மண்ணிலேயே விட்டுவிடுவர். வேர் முடிச்சுகளில் எஞ்சியுள்ள நைட்ரஜன் மண்ணைச் சேரும். அடுத்து அப்பாத்தியில் முட்டைக்கோசு வகைகளை நடுவது வழக்கம்.

ஸ்ட்ராபெரியோ இதனினும் மென்மையானது. இன்று நாம் காணும் பெரும் பழம், வட அமெரிக்கச் செடியும் சிலி நாட்டுச் செடியும் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கலந்து உண்டான இனம். திறந்த தோட்டத்தில் இதன் முக்கியப் பறிப்புக்காலம் ஜூனும் ஜூலையும். காய் பிடிக்கத் தொடங்கியதும் செடியைச் சுற்றி வைக்கோல் பரப்புவர். பழம் மண்ணில் படாமலும், மழைநீர் தெறித்து அழுகாமலும் அது காக்கும். கரும்பறவைகள் பழத்தைக் கொத்தாதிருக்க மேலே வலை விரிப்பர். நத்தை போன்ற ஓடில்லாப் புழுக்களைக் கையால் பொறுக்கி அகற்றுவர். சாம்பல் நிறப் பூசணம் பற்றிய பழம் ஒன்றைக் கண்டால் உடனே அகற்ற வேண்டும். இல்லையேல் அது அடுத்த பழங்களுக்கும் பரவிவிடும்.

மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் காயாகப் பறித்து வீட்டில் பழுக்க வைக்கிறோம். ஸ்ட்ராபெரிக்கு அது பொருந்தாது. பறித்தபின் நிறம் சிறிது கூடலாம், இனிமை கூடாது. ஆகவே காம்படி வரை முழுதும் சிவந்த பின்னரே பறிக்க வேண்டும். பனி உலர்ந்து, வெயில் ஏறுமுன் உள்ள வேளை சிறந்தது. பழத்தைப் பற்றி இழுக்காமல், காம்பை நகத்தால் கிள்ள வேண்டும். அடுக்கடுக்காகக் குவிக்காமல் ஆழமற்ற தட்டில் பரப்ப வேண்டும். உண்ணும் நேரம் வரை கழுவலாகாது. பருவ உச்சத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளேனும் பாத்தியைப் பார்த்தாக வேண்டும். பறிப்பு முடிந்ததும் பழைய இலைகளை அறுத்துவிடுவர். செடி விடும் ஓடுகொடிகளை மண்ணில் பதித்து வேரூன்றச் செய்து புதிய நாற்றுகளைப் பெறலாம். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய செடிகளை நீக்கி, வேறு பாத்தியில் நாற்று நடுவது முறை.

இவ்விரு பயிர்களும் நமக்குக் கற்பிப்பது யாது? இவற்றின் நயம், பறிக்கும் நாளையும் வேளையையும் பொறுத்தது. நிலம் வீட்டிற்கு அருகில் இருந்தாலன்றி, வேலைக்குச் சென்று திரும்பும் மனிதன் இந்த நயத்தை அடைய இயலாது. இது முதற் செய்தி.

அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. நாற்று நட்டவனுக்குப் பழம் பறிக்கும் வரை நிலம் கையில் இருக்குமா? பட்டாணிக்குச் சில மாதங்கள் போதும். இளவேனிலில் நட்ட ஸ்ட்ராபெரி நல்ல பலன் தர ஓராண்டுக்கு மேலாகலாம். நாளையே வெளியேறு என்று கூறப்படும் அச்சத்தில் இருப்பவன் எருவிட்டு மண்ணை வளப்படுத்துவானா? இதனை அந்நாட்டுச் சட்டம் நன்கு உணர்ந்திருக்கிறது. குத்தகையை முடிக்கப் பன்னிரண்டு மாத அறிவிப்பேனும் தர வேண்டும். அந்த அறிவிப்பு ஏப்ரல் 6ஆம் தேதியிலோ அதற்கு முன்னரோ, அல்லது செப்டம்பர் 29ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ முடிவடைய வேண்டும். அதாவது, பயிர் நிற்கும் பருவத்தின் நடுவில் எவரையும் வெளியேற்றலாகாது என்பது பொது விதி. சில தேவைகளுக்கு விலக்குகள் உண்டு. அவ்வாறு இடையில் நிலம் எடுக்கப்படின் நிற்கும் பயிருக்கும் இட்ட எருவுக்கும் ஈடு கோரலாம். மேலும், தோட்டத்திற்கென்றே மன்றம் வாங்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி விற்க இயலாது என 1925ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

உரிமையோடு கடமையும் உண்டு. துண்டைத் தரிசாகப் போட்டு விதிகளை மீறுவோரிடமிருந்து மன்றம் அதனைத் திரும்பப் பெற்று, காத்திருக்கும் அடுத்தவருக்கு அளிக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் மக்களைத் தோட்டமிடத் தூண்டியது. அக்காலத்தில் இத்துண்டுகளின் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. பின்னர் அது பெரிதும் குறைந்தது. ஊர்கள் விரிந்து மனை விலை ஏறும்போது, காய்கறி விளையும் சிறு நிலமே எளிதில் பலியாகிறது. சட்டத்தின் காவல் இல்லாதிருப்பின் எஞ்சியவையும் நிலைத்திரா.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. லண்டன் நகரின் உட்பகுதி நீங்கலாக, இங்கிலாந்திலும் வேல்சிலும் வாக்காளர் அறுவர் கூடி எழுத்து மூலம் கேட்டால், உள்ளூர் மன்றம் அக்கோரிக்கையை ஆராய்ந்தே தீர வேண்டும். தேவை உண்மையெனக் கண்டால் நிலம் தேடித் தருவது அதன் கடமை. கிராமத்தில் ‘பாரிஷ்’ மன்றம் இருப்பின் அம்மன்றமே இதற்குப் பொறுப்பு. இம்மன்றங்கள் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டவை. நம் கிராமப் பஞ்சாயத்தை ஒத்தவை. ஆறு பேர் கையெழுத்திட்ட ஒரு தாள் ஒரு மன்றத்தைச் செயலில் இறக்க வல்லது என்பது எளிய செய்தியன்று.

நம் மாநிலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இவ்விரு பயிர்களும் விளைகின்றன. சமவெளியின் வெப்பம் இவற்றிற்கு ஏற்றதன்று. ஆயினும் வெண்டையும் கொத்தவரையும் இதே இயல்பினவே. நாள் தவறினால் வெண்டை நார் பாய்ந்துவிடும். அதனை அறியாத உழவர் இங்கு எவரும் இலர். பயிர் வேறாயினும் பாடம் ஒன்றே. குடியிருப்புக்கு அருகில் தண்ணீர் வசதியுள்ள சிறு நிலத்தை ஊர்ப் பொதுவில் எவ்வாறு தோட்டமாக்கலாம், யாருக்கு முதலில் தரலாம், எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி தரலாம், எப்பருவத்தில் திரும்பப் பெறலாகாது என்பவற்றைக் கிராம சபையில் எடுத்துப் பேசுங்கள். முடிவுகளை எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

நிலத்தை அளந்து கொடுப்பதோடு ஒரு மன்றத்தின் வேலை முடிந்துவிடாது. விதைத்தவன் கையே அறுவடை செய்யும் என்னும் உறுதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வுறுதி உள்ள இடத்தில்தான் மனிதன் மண்ணுக்கு எருவிடுவான். நெடுநாள் பலன் தரும் செடியையும் நடுவான். இதனை நினைவில் கொள்ளுமாறு உங்களை வேண்டி, இப்பேச்சை முடித்துக்கொள்கிறோம்.