பொய்ப்பல்லும் மெய்வாழ்வும்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது நம் நாட்டிலே சிறு பிள்ளையும் அறிந்த பழமொழி. ஆனால், பல் போனவருக்குச் சொல் மாத்திரமா போகின்றது? உணவின் சுவை போகின்றது. வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்புப் போகின்றது. கலியாணப் பந்தியிலே நாலு பேருடன் அமரும் துணிவும் போகின்றது. போனவற்றுட் பலவற்றை மீட்டுத் தருவதற்கே பொய்ப்பல் வந்தது. எனினும், அதை வாயில் வைத்த அன்றே எல்லாம் மீண்டுவிடும் என்று எதிர்பார்ப்போர் பலர். எதிர்பார்த்தது கைகூடாதபோது, பல்லைக் கழற்றிக் கிண்ணத்து நீரில் இட்டுவிட்டு, எஞ்சிய நாட்களைக் கஞ்சியோடும் மௌனத்தோடும் கழிப்போர் நம் ஊர்களில் உளர். அவர்களை எண்ணியே இன்று பேச முற்பட்டேன். பேசுகின்ற நானும் பல்லுக் கட்டியவனே.

முன்னாளிலே இத்துன்பம் பேரரசியல்வாதிகளையும் விட்டதில்லை. அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் 1789ஆம் ஆண்டு பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. தந்தமும் மனிதப் பல்லும் ஈயமும் கொண்டு செய்து, சுருள்வில்லால் இணைத்த பற்களை அவர் அணிந்தார். வில்லின் விசையை அடக்குவதற்கு வாயை இறுக மூடியிருத்தல் வேண்டும். நாம் இன்று அணிவதோ பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் இலேசான பொருளாலானது. 1930களின் பிற்பகுதியில் அது பல் வைத்தியத்திற் புகுந்தது. வில்லும் இல்லை, ஈயமும் இல்லை.

அப்படியானால் அது வாயில் நிற்பது எவ்வாறு? மேற்பல் தட்டு அண்ணத்தை முழுதும் மூடிக்கொள்கின்றது. இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலம், நனைந்த இரு கண்ணாடித் தகடுகளை ஒட்ட வைப்பதுபோல அதனை ஒட்ட வைக்கின்றது. கீழ்த்தட்டுக்கு இந்த வசதி இல்லை. அது குதிரை இலாட வடிவினது. நடுவே நாக்கு ஓயாது அசைகின்றது. ஆகவே கீழ்ப்பல் ஆடுவதற்கு வைத்தியரின் கைக்குறையே காரணம் என்று உடனே முடிவு கட்டலாகாது. கன்னமும் நாக்கும் அதனைத் தாங்கிப் பிடிக்கப் பழகும்வரை சில வாரங்கள் செல்லும். முதல் நாட்களில் உமிழ்நீர் ஊறிப் பெருகுவதும் இயல்பே. புதிதாய் வந்த பொருளை உணவென்று எண்ணி வாய் செய்யும் உபசாரம் அது. சில நாட்களில் அடங்கிவிடும்.

இனிப் பேச்சைப் பார்ப்போம். எழுத்துக்களின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியர், பல்லையும் ஓர் உறுப்பாக எண்ணுகின்றார். தகர நகரங்கள் பல்லின் அடியில் நாநுனி பரந்து பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. பல்லின் இடம் ஓர் இம்மி மாறினும் இவ்வெழுத்துக்கள் தடுமாறுவதில் வியப்பென்ன? பல்லுக் கட்டிய மறுவாரம், பாடசாலைக் காலைக் கூட்டத்திலே நான் ‘சத்தியம்’ என்றபோது சீழ்க்கையொலி எழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அன்றைய தமிழ்ப் பாடத்தில் எழுத்துப் பிறப்பையே எடுத்து நடத்தினேன். அதன் பின்னர் நாள்தோறும் கால்மணி நேரம் புதினத்தாளை உரத்து வாசித்து வந்தேன். ஒரு மாதத்திற்குள் சீழ்க்கை மறைந்தது.

உண்ணும் முறையையும் மாற்றல் வேண்டும். பொய்ப்பல்லின் கடிவலிமை இயற்கைப் பல்லின் வலிமையில் நாலில் ஒரு பங்களவே. முதல் வாரத்தில் குழைந்த சோறும், சொதியில் ஊறிய இடியப்பமும் போதும். பின்பு மெல்ல மெல்ல ஏனையவற்றைச் சேர்க்கலாம். எதனையும் சிறு துண்டாக்கி, இரு பக்கத்திலும் ஒருங்கே இட்டு மெல்லுதல் நன்று. முன்பல்லால் மாங்காயைக் கடித்தால் தட்டின் பின்பகுதி கிளம்பிவிடும். முறுக்கையும் ஒடியலையும் இளையோருக்கு விட்டுவிடுவோம். அண்ணம் மூடியிருப்பதாற் சூடு எளிதிற் புலப்படாது; தேநீரை ஆற்றிக் குடித்தல் வேண்டும்.

நோவு கண்டால் அரத்தை எடுத்துத் தாமே பல்லைத் தேய்ப்போரும் உளர். அது தகாது. பல்லை அணிந்துகொண்டே வைத்தியரிடம் சென்றால், அழுத்திய இடத்தை அவர் கண்டு செப்பனிடுவார். இரவிலே பல்லைக் கழற்றி ஈறுக்கு ஓய்வு கொடுங்கள்; இரவும் பகலும் அணிந்திருப்பின் அண்ணம் பூஞ்சணம் பற்றிச் சிவக்கும். கழற்றிய பல்லை மென்தூரிகையாலும் சவர்க்காரத்தாலும் கழுவித் தண்ணீரில் இட்டு வையுங்கள். கொதிநீர் ஆகாது; தட்டு வளைந்துவிடும். கழுவும்போது கீழே நீர் நிறைந்த பாத்திரமொன்று இருக்கட்டும். கைநழுவி விழுந்தாலும் உடையாது.

பல்லில்லாத தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே செல்வது. ஆகையால் இன்று பொருந்திய தட்டுச் சில ஆண்டுகளில் தளரும். அப்போது உட்புறத்தைத் திருத்துவித்தல் வேண்டும். பல் போனபின்னும் உரலில் இடித்து வெற்றிலை போடும் முதியோருக்கு இன்னொரு சொல்: பாக்குப் புற்றுநோயை விளைப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதியாகக் கூறியுள்ளது. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைப் ‘பல்லுக் கடித்த புண்’ என்று விட்டுவிடாது வைத்தியரிடம் காட்டுங்கள்.

இறுதியாக, வீட்டிலுள்ள இளையோருக்கும் ஒன்று சொல்வேன். பாட்டனார் மெல்ல உண்டால் பந்தியைவிட்டு முந்தி எழாதீர்கள். பாட்டியார் சொல் குழறினால் மீண்டும் கேளுங்கள்; நகையாதீர்கள். பொய்ப்பல்லைச் செய்து கொடுப்பவர் வைத்தியர். அதை வாயிலே நிலைக்கச் செய்வது பொறுமையும், சுற்றியிருப்போர் காட்டும் அன்புமாம். கிண்ணத்து நீரிலே உறங்கும் பல்லொன்று உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் காலை அதனை எடுத்துக் கொடுத்து, “ஒருக்கால் போட்டுப் பாருங்கோ” என்று அன்போடு சொல்லுங்கள்.