அரிசி களைந்த தண்ணீர்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி நினைவாக வீட்டுக்கு வீடு மாடியில் காய்கறித் தோட்டம் போடலாம் என்று நம் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை. அதற்கு முன் என் தவறு ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் நம் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நான் அப்போது நகரில் வேறொரு பங்கில் இருந்தேன். பங்கு இல்லத்து மாடியில் 40 தொட்டிகள். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். காலிக் குடத்தோடு வந்த மூதாட்டி ஒருவர், "சாமி, குடிக்கவே தண்ணி இல்லை, செடிக்கா ஊத்துறீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் தோட்டமே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. 2015 டிசம்பரில் இதே நகரம்தான் வெள்ளத்தில் மூழ்கியது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது காய்கறிக்கு நாம் பட்ட பாட்டை அறிவீர்கள். பூமி சூடேற ஏற, பெய்தால் கொட்டுகிறது; காய்ந்தால் ஒரேயடியாய்க் காய்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் கீரையாவது வேண்டும் அன்றோ?

ஆகவே நான் சொல்வது இதுதான்: தொட்டிகளை எண்ணித் தோட்டம் போடாதீர்கள், வீட்டில் மிஞ்சும் தண்ணீரை அளந்து போடுங்கள். அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் ஒரு வாரம் வாளியில் பிடித்துப் பாருங்கள். எனக்கு நாளொன்றுக்கு 2 வாளி கிடைத்தது. 40 தொட்டியை 12 ஆக்கினேன். மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மக்கிய காய்கறித் தோலும் கலந்தேன். மேலே காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பினேன். ஈரம் நின்றது. தக்காளியை விட்டு, ஒரு மாதத்தில் பறிக்கும் சிறுகீரைக்கு மாறினேன்.

மழையையும் மறவாதீர்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாயிற்று. இன்று நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தக் குழாய் அடைத்துக் கிடக்கிறது? ஐப்பசிக்கு முன் திறந்து பாருங்கள்.

இதனால் வீட்டுச் செலவு முழுதும் தீராது. வாரம் ஓரிரு நாள் கீரை கிடைக்கும். என் முதல் கட்டை அந்த மூதாட்டியிடம் கொடுத்தேன். "எந்தத் தண்ணி, சாமி?" என்று கேட்டார். "அரிசி களைஞ்சது" என்றேன். வாங்கிக்கொண்டார்.

அன்பர்களே, விதை பிறகு வாங்கலாம். இன்றிரவு சமையலறையில் ஒரு வாளியை வையுங்கள்.